அப்பாவோட பழைய போட்டோ ஏன் பழுப்பாச்சு? டார்க்ரூம்ல ஹைப்போவோட ஆறு மாசம்

அப்பா ஈரோட்டுப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல ஸ்டூடியோ வச்சிருந்தாரு, கலர் லேப் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமா கூட்டம் கொறஞ்சு கடைய மூடியாச்சு. போன தை மாசம் பரண்ல இருந்து மூணு பெட்டி எறக்குனோம். ஒரு பெட்டி நெகட்டிவ், ரெண்டு பெட்டி கருப்பு வெள்ளை பிரிண்ட், பாதி ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரிச்ச 'இந்து' பேப்பர்ல போட்டது. ஒரே கல்யாணம், ஒரே நாள் போட்ட பிரிண்ட்டு, ஆனா அதுல பத்து நேத்து போட்ட மாதிரி பளிச்சுன்னு இருக்கு, இன்னொரு பத்து ஓரமெல்லாம் மஞ்சளடிச்சு, பொண்ணோட மொகமே பழுப்புல கரைஞ்சு போய் கெடக்கு. எங்க ஆத்தாவோட ஒரே ஒரு தனிப் படமும் அந்தப் பழுப்புக் கூட்டத்துல தான் இருந்துச்சு.

அப்பாகிட்ட கேட்டேன். கையில வாங்கி வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்துட்டு, "இது ஹைப்போ போகல கண்ணு, முகூர்த்த சீசன்ல ஒரு நாளைக்கு எரநூறு பிரிண்ட்டு, கழுவ தண்ணிக்கு எங்க போறது"ன்னாரு. அவ்வளவு தான் சொன்னாரு. ஹைப்போன்னா டெவலப் பண்ண படம் அழியாம நிக்கிறதுக்குப் போடுற மருந்து, சோடியம் தயோசல்பேட். படத்தைக் காப்பாத்துறதுக்குன்னு போடுற மருந்தே முப்பது வருஷம் கழிச்சு படத்தைத் திங்குதுன்னா அது எப்படின்னு எனக்கு முழுசா தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. பின்கட்டு பாத்ரூம்ல ஜன்னலுக்குக் கருப்புத் துணி அடிச்சு, நெகட்டிவ்வ பெருசாக்கி பேப்பர்ல விழ வைக்கிற அப்பாவோட என்லார்ஜரத் தொடைச்சு, சிவப்பு பல்ப்பு மாட்டி ஆரம்பிச்சேன்.

பிலிமோ பேப்பரோ, மேல பூசியிருக்கிறது ஜெலட்டின்ல கலந்த வெள்ளி உப்பு, பெரும்பாலும் சில்வர் புரோமைடு. வெளிச்சம் பட்ட எடத்துல டெவலப்பர் அதை கருப்பு வெள்ளியா மாத்திடும். வெளிச்சம் படாத எடத்துல புரோமைடு அப்படியே உக்காந்திருக்கும், வெளிய கொண்டு வந்தா அதுவும் கருத்துடும். அதை எடுக்கணும், ஆனா அது தண்ணியில கரையவே கரையாது. அங்க தான் தயோசல்பேட் அயனி வருது. சல்பேட் தெரியும்ல, நடுவுல ஒரு கந்தகம், சுத்தி நாலு ஆக்சிஜன். அதுல ஒரு ஆக்சிஜன எடுத்துட்டு அந்த எடத்துல இன்னொரு கந்தகத்த வச்சா தயோசல்பேட், ரெண்டு கந்தகம் மூணு ஆக்சிஜன், ரெண்டு மைனஸ். சோடியம் சல்பைட்டோட கந்தகப் பொடியப் போட்டுக் கொதிக்க வச்சாலே கெடைக்கும். அந்த ரெண்டு கந்தகமும் ஒரே மாதிரி இல்ல, நடுவுல இருக்கிறது வேற, வெளிய தொங்குறது வேற. கதிரியக்கக் கந்தகத்துல செஞ்சு பாத்து, ஆசிட் ஊத்தி உடைச்சப்போ வெளிய சேத்த கந்தகம் மட்டும் தான் தனியா விழுந்துச்சுன்னு நிரூபிச்சிருக்காங்க. வெள்ளியப் புடிக்கிறது அந்த வெளிக் கந்தகம் தான். ஒரு வெள்ளி அயனிக்கு ரெண்டு தயோசல்பேட் சேந்து புடிச்சுக்கிட்டா அது நல்லா தண்ணியில கரையும்.

ஜான் ஹெர்ஷல் இதை 1819-லயே கண்டுபிடிச்சு வச்சிருந்தாரு, வெள்ளி உப்ப இது கரைக்கும்னு. அப்போ போட்டோகிராபியே இல்ல! இருபது வருஷம் கழிச்சு 1839-ல படம் நிக்க மாட்டேங்குதுன்னு எல்லாரும் உப்புத்தண்ணியில எல்லாம் முக்கிப் பாத்துட்டு இருந்தப்போ, இதைப் போடுங்கன்னு சொன்னது அவரு தான். அன்னைக்கு வச்ச பேரு ஹைப்போசல்பைட். வேதியியல் பேர மாத்தி எவ்வளவோ காலம் ஆச்சு, ஸ்டூடியோக்காரங்க வாயில இன்னும் ஹைப்போ தான்.

அந்தப் பேரு தான் எனக்கு முதல் சிக்கல். கெமிக்கல் கடைக்குப் போய் "ஹைப்போ வேணுங்க"ன்னேன், அஞ்சு லிட்டர் கேன் ஒண்ண எடுத்து வச்சாங்க. மூடியத் தொறந்தா பச்சை கலந்த மஞ்சத் தண்ணி, பிளீச்சிங் பவுடர் வாசம் மூக்குல அடிக்குது. இந்தப் பக்கம் பூரா பிளீச்சிங், சாயப்பட்டறை, அவங்களுக்கு ஹைப்போன்னா சோடியம் ஹைப்போகுளோரைட். அதுல பிலிம முக்கியிருந்தா ஜெலட்டினே கரைஞ்சு படம் முழுசா வழிஞ்சு போயிருக்கும், பழைய எக்ஸ்ரே பிலிம்ல மருந்த உரிச்சு எடுக்கிறதே அதை வச்சுத் தான். மறுபடி போய் "சோடியம் தயோசல்பேட், கல்லு மாதிரி இருக்கும்"னு சொன்ன பிறகு தான் "ஓ, குளோரின் எடுக்கிறதா"ன்னு உள்ள போய் எடுத்துட்டு வந்தாரு. ஒரு ஹைப்போ துணிய வெளுக்குது, துணியில மிச்சம் தங்கி நூல அரிக்கிற குளோரின இன்னொரு ஹைப்போ கொல்லுது, ரெண்டும் ஒரே கடை, ஒரே பேரு. மீன் தொட்டிக்குக் கார்ப்பரேஷன் தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி ரெண்டு சொட்டு விடுற ஆன்டி குளோரின் பாட்டில்ல பெரும்பாலும் இருக்கிறதும் இந்தக் கல்லோட கரைசல் தான்.

இன்னொன்னு, சல்பைட்டும் சல்பைடும் வேற வேற. சல்பைட் நமக்கு வேணும், ஏன்னு கீழ வரும். சல்பைடு தோல் ஷாப்புல முடி எடுக்கப் போடுறது, அழுகின முட்டை நாத்தம். தமிழ்ல கேக்கும்போது ரெண்டும் ஒரே மாதிரி தான் காதுல விழும், அதனால பார்முலாவ துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்துருங்க.

கலக்குறப்போ ஒரு விஷயம் ரொம்பப் புடிச்சுப் போச்சு. 700 மில்லி போர் தண்ணி, 31 டிகிரி. 250 கிராம் கல்லக் கொட்டிக் கலக்குறேன், கையில கிளாஸ் சில்லுன்னு ஆகுது, வெளிய வேர்க்குது. தெர்மாமீட்டர் 18 காட்டுச்சு. இது கரையும்போது சூட்டத் தண்ணிகிட்ட இருந்து இழுத்துக்கும், கடைசிக் கல்லு கரைய அரை மணி நேரம் ஆச்சு. அதனால வேகமா வேணும்னா 50 டிகிரி சுடு தண்ணியில ஆரம்பிக்கணும். நான் வேணும்னே பச்சத் தண்ணியில கலக்கி, அந்த பேசின்ல டெவலப்பர் பாட்டில நிக்க வச்சு 24 டிகிரி வரைக்கும் எறக்கிக்கிட்டேன், சித்திரை வெயில்ல ஐஸ் வாங்குற வேலை மிச்சம். 250 கிராம லிட்டராக்குனா கிட்டத்தட்ட ஒரு மோலார் கரைசல், கணக்கும் சுலபம். கல்லுல அஞ்சு தண்ணி மூலக்கூறு சேந்திருக்கு, தண்ணியில்லாத பொடி கெடச்சா 160 கிராம் போதும்.

அடுத்தது ஆசிட். ஹைப்போவுல கொஞ்சம் புளிப்பு இருந்தா டெவலப்பர் ஒடனே நின்னுடும், படிகாரம் சேத்தா ஜெலட்டின் இறுகும், நம்ம சூட்டுக்கு அது தேவை, இல்லன்னா பிலிம் ஓரத்துல மருந்து நெகிழ்ந்து சுருங்கும். படிகாரம் நாட்டு மருந்துக் கடையில வாங்குனேன். வினிகர நேரா ஹைப்போவுல ஊத்திட்டேன். ரெண்டு நிமிஷத்துல லேசா பால் மாதிரி கலங்கி, அப்புறம் மஞ்சளாகி, தீக்குச்சி கிழிச்ச நெடி வந்துச்சு. அந்த அயனி ஆசிட்டத் தாங்காது, வெளிக் கந்தகம் கழண்டு பொடியா விழுந்துடும், மிச்சம் சல்பர் டை ஆக்சைடா போயிடும். ஒரு லிட்டர் வீணாச்சு. அப்பா வாசத்த வச்சே வாசல்ல இருந்து சொல்லிட்டாரு, "சல்பைட் போடலியா? முதல்ல சல்பைட், அப்புறம் தான் ஆசிட், கடைசியில படிகாரம்." சல்பைட் இருந்தா கழண்டு வர கந்தகத்த அது புடிச்சு மறுபடி தயோசல்பேட்டா ஆக்கிடும், ஹைப்போ செய்யிற அதே வினை தான். லிட்டருக்கு 15 கிராம் போதும்.

முதல் பிலிம் கழுவுறதுக்கு முன்னாடி, ரோல் முனையில நீட்டிட்டு இருக்கிற துண்ட வெட்டி, வெளிச்சத்துலயே ஒரு சோதனை பண்ணேன், இதை எல்லாரும் பண்ணணும். துண்டு மேல ஒரு சொட்டு ஹைப்போ விடுங்க, அரை நிமிஷம் கழிச்சு துண்ட முழுசா ஹைப்போவுல போடுங்க. சொட்டு விட்ட எடம் முன்னாடி தெளிஞ்சு ஒரு வட்டமாத் தெரியும், சுத்தி இருக்கிறது பால் மாதிரி இருக்கும். அந்த வட்டம் காணாம போற வரைக்கும் எவ்வளவு நேரம்னு பாருங்க. எனக்கு புது மருந்துல மூணு நிமிஷம். அப்போ பிலிம் ஆறு நிமிஷத்துக்குக் கொறையாம இருக்கணும், நான் எட்டு வைக்கிறேன். ஏழு ரோல் கழிச்சு அதே சோதனை ஆறு நிமிஷத்தத் தொட்டுச்சு, கொட்டிட்டு புதுசு கலந்தேன்.

எதுக்கு டபுள் நேரம்? கண்ணுக்குத் தெளிஞ்சுருச்சுன்னா முடிஞ்சுருச்சுன்னு அர்த்தம் இல்ல. முதல்ல ஒரு வெள்ளிக்கு ஒரு தயோசல்பேட் தான் ஒட்டுது, அந்தக் கலவை நிறமில்லாதது, ஆனா சரியா கரையாது, ஜெலட்டின்லயும் பேப்பர் நார்லயும் ஒட்டிக்கிட்டு நிக்கும். இன்னொரு தயோசல்பேட் வந்து சேந்தா தான் அது கழண்டு வெளிய வரும். ஹைப்போ பழசாகி வெள்ளி ஏறிப் போச்சுன்னா அந்த ரெண்டாவது ஆள் வர்றதுக்கே இல்ல. அப்போ எவ்வளவு தண்ணியில கழுவுனாலும் அது போகாது. அப்புறம் அது மெதுவா உடைஞ்சு வெள்ளி சல்பைடா மாறும், வெள்ளைப் பகுதி மஞ்சளாகும். தண்ணி பத்தாம ஹைப்போ தங்குறது வேற கதை, அது படத்துல இருக்கிற கருப்பு வெள்ளியவே தாக்கி பழுப்பாக்கும். அப்பாவோட பெட்டியில ரெண்டும் இருக்கு. வெள்ளை எடம் மஞ்சளானது ஒரு வகை, கருப்பு எடம் வெளுத்து பழுப்பானது இன்னொரு வகை. இது புரிஞ்சப்போ ராத்திரி ரெண்டு மணி, எல்லாப் பிரிண்டையும் தரையில பரப்பி ரெண்டு குவியலா பிரிச்சேன்.

இதெல்லாம் படிச்சுட்டும் என்னோட முதல் பத்து பிரிண்ட்டுல மூணு, ரெண்டே மாசத்துல மஞ்சத் திட்டு போட்டுச்சு. மழை ஈரத்துல மேசை மேல கெடந்துச்சுங்க. எங்க தப்புன்னு தேட ஆரம்பிச்சேன்.

முதல் சோதனை அடுப்படியில. சோறு வடிச்ச கஞ்சிய நல்லா தண்ணி விட்டு, ஒரு சொட்டு பெட்டாடின் விட்டா நீலமாகும். அதை ரெண்டு டம்ளர்ல ஊத்தி, ஒண்ணுல வெறும் போர் தண்ணி, இன்னொண்ணுல பிரிண்ட்ட மூலையப் புடிச்சுத் தூக்கினா வடியிற தண்ணி. ஹைப்போ இருந்தா அயோடின் அயோடைடா மாறி நீலம் டக்குன்னு மறையும். பிஎஸ்சி லேப்ல பியூரெட்ல ஹைப்போ விட்டு ஸ்டார்ச் நீலம் போற வரைக்கும் டைட்ரேஷன் பண்ணுவோமே, அதே தான், ரெண்டு தயோசல்பேட் சேந்து டெட்ராதயோனேட் ஆகுது. பிளீச்சிங் பவுடர்ல குளோரின் எவ்வளவு இருக்குன்னு பாக்குறதும் இப்படித் தான். என் பிரிண்ட்டு இருபது நிமிஷம் ஓடுற தண்ணியில கெடந்திருந்துச்சு, நீலம் போகல, அதாவது பாஸ். அப்படியும் மஞ்சள்.

அதனால காசு போனா போகுதுன்னு சில்வர் நைட்ரேட் கொஞ்சம் வாங்குனேன். ஒரு சதவீதக் கரைசல்ல கொஞ்சம் வினிகர் விட்டு, ஈரப் பிரிண்ட்டோட வெள்ளை ஓரத்துல ஒரு சொட்டு, ரெண்டு நிமிஷம், அப்புறம் உப்புத் தண்ணியில அலசணும். கையுறை போட்டுக்குங்க, விரல்ல பட்டா ஒரு வாரம் கருப்பு போகாது. உள்ள ஹைப்போ தங்கியிருந்தா அந்த எடம் பழுப்பாகும், லேசா சந்தன நிறம்னா பரவால்ல. என்னோடது டீ டிகாஷன் நிறத்துல வந்துச்சு. வடியிற தண்ணியில ஹைப்போ இல்ல, ஆனா பேப்பருக்குள்ள இருக்கு, கஞ்சி சோதனை மேல இருக்கிறத மட்டும் தான் சொல்லும். பைபர் பேப்பர்ல நார் ஹைப்போவ விடாது, அதுல நான் போட்ட படிகாரம் வேற இன்னும் இறுக்கிப் புடிச்சிருச்சு. பிளாஸ்டிக் பூசின ஆர்சி பேப்பர்னா அஞ்சு நிமிஷத்துல போயிடும்.

மாத்துனது இது. பேப்பருக்குப் படிகாரத்த நிறுத்திட்டேன், பிலிமுக்கு மட்டும் கோடையில போடுறேன். ஹைப்போவ ரெண்டு ட்ரே ஆக்குனேன், முதல் ட்ரே பெரும் வேலையச் செய்யும், ரெண்டாவது எப்பவும் புதுசா இருக்கும், அங்க தான் அந்த ரெண்டாவது தயோசல்பேட் வந்து ஒட்டும். லிட்டருக்கு, எட்டுக்குப் பத்து இஞ்ச் பிரிண்ட் பத்து ஆனதும் முதல் ட்ரேயக் கழிச்சு ரெண்டாவத அந்த எடத்துக்கு நகத்திட்டு புதுசு ஊத்துவேன். அப்புறம் ரெண்டு நிமிஷம் அலசிட்டு, லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்பைட் போட்ட தண்ணியில பத்து நிமிஷம். இதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு, இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்கக் கடற்படைக்காரங்க நல்ல தண்ணி பத்தாம கடல் தண்ணியில பிரிண்ட் கழுவுனப்போ ஹைப்போ நல்ல தண்ணியவிட வேகமா வெளிய வந்துச்சு. தண்ணியில இருக்கிற மத்த அயனிங்க தயோசல்பேட்டத் தள்ளிட்டு அந்த எடத்துல உக்காந்துக்குது. கடைசியா நல்ல தண்ணியில உப்ப மட்டும் எடுத்துட்டா போதும். சல்பைட் அதவிட நல்லா வேலை செய்யும். அதுக்கப்புறம் இருபது நிமிஷம் தண்ணி, அதையும் ஓட விடாம ட்ரேய அஞ்சாறு தடவை நிரப்பிக் கொட்டுறேன். இப்போ சில்வர் நைட்ரேட் சொட்டு போட்டா நிறமே தெரியல. ஒரு குறிப்பு, சல்பைட்டும் அயோடின் நீலத்த அழிக்கும், அதனால கஞ்சி சோதனைய கடைசி அலசலுக்குப் பிறகு தான் பண்ணணும்.

பிலிமுக்கு இன்னும் கொறச்ச தண்ணி. பிலிம் இருக்கிற டெவலப்பிங் டேங்க்க நிரப்பி அஞ்சு தடவை கவுத்து நிமித்திக் கொட்டு, நிரப்பி பத்து தடவை, நிரப்பி இருபது தடவை. பிலிமுக்கு நார் கெடையாது, அதனால இது போதும். பிலிம் தயாரிக்கிற இல்போர்ட் கம்பெனி சொன்ன முறை இது, அன்னைக்கு அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா எத்தனை கொடம் மிச்சமாகியிருக்கும்!

இப்போ பழைய பிரிண்ட்டுங்க. எதையும் தண்ணியில போடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் போன்லயாவது படம் எடுத்துட்டேன். ஆகாதுன்னு ஒதுக்கின ஒண்ண முதல்ல முக்கிப் பாத்தேன், ஜெலட்டின் தாங்குச்சு. அப்புறம் படிகாரமோ ஆசிட்டோ இல்லாத வெறும் ஹைப்போவுல நாலு நிமிஷம், அதிக நேரம் போட்டா படமே வெளுக்கும். சல்பைட், அலசல், நிழல்ல காய வச்சது. மொத்தம் 64 போட்டேன். மஞ்சளடிச்ச பிரிண்ட்டுல மஞ்சள் போகாது. வெள்ளி சல்பைடு அவ்வளவு உறுதி, ஹைப்போவால அதை அசைக்க முடியாது, வேணும்னே பழுப்பாக்குன செப்பியா டோன் படம் நூறு வருஷம் நிக்கிறதே அது வெள்ளி சல்பைடுங்கறதால தான். ஆனா இனிமே உள்ள கெடக்கிற மிச்சம் மேல மேல கெடுக்காது. சில்வர் நைட்ரேட் சொட்டு முன்னாடி காப்பி நிறம், பின்னாடி சந்தனம். போனது போனது தான், இருக்கிறது நின்னுச்சு.

பயன்படுத்துன ஹைப்போவ சாக்கடையில கொட்டாதீங்க, கரைஞ்ச வெள்ளி அதுல தான் இருக்கு. அந்தக் காலத்துல ஸ்டூடியோக்கும் எக்ஸ்ரே செண்டருக்கும் ஆள் வந்து பழைய ஹைப்போ தண்ணிய காசு குடுத்து வாங்கிட்டுப் போவாங்க. நான் பக்கெட்ல சேத்து அதுல ஸ்டீல் வுல் போடுறேன், சுருள் சுருளா பளபளன்னு இருக்கிற துருப்புடிக்காத ஸ்க்ரப்பர் ஆகாது, துருப்புடிக்கிற இரும்பு வுல் தான் வேணும். இரும்பு கரைஞ்சு போய், வெள்ளி கருப்பு சேறா அடியில தங்கும். நாலு நாள் கழிச்சு நல்லா தேச்ச செம்புக் கம்பிய உள்ள விட்டுப் பாருங்க, கம்பி சாம்பலானா இன்னும் வெள்ளி மிச்சம் இருக்கு. ஆசிட்டோ பிளீச்சிங்கோ அதுல ஊத்திடாதீங்க, விஷக் காத்து வரும்.

வெள்ளியப் புடிக்கிற இதே குணத்தால தங்கத்தையும் இது புடிக்கும். அமெரிக்காவுல நெவாடா மாநிலத்து கோல்ட்ஸ்ட்ரைக் சுரங்கத்துல சில பாறையில கரி கலந்திருக்கு, சயனைடு போட்டா கரைஞ்ச தங்கத்த அந்தக் கரியே திருப்பி உறிஞ்சிடும். தயோசல்பேட் புடிச்ச தங்கத்த கரி தொடாது, அதனால அங்க இதை வச்சே தங்கம் எடுக்க ஆரம்பிச்சாங்க. அந்த சயனைடுக்கே இது முறிவு மருந்தும் கூட. எங்க ஊர்ல எளஞ்சோளத் தட்டையோ மரவள்ளி எலையோ தின்னு மாடு நொரை தள்ளி விழுந்தா கால்நடை டாக்டர் நரம்புல ஏத்துற மருந்துல இதுவும் உண்டு. உடம்புல ஒரு நொதி அந்த வெளிக் கந்தகத்தக் கழட்டி சயனைடுக்குக் குடுக்கும், அது தயோசயனேட் ஆகி மூத்திரத்துல போயிடும். டார்க்ரூம் ட்ரேயில வெள்ளியப் புடிக்கிற அதே கந்தகம். இதைச் சொன்னப்போ அப்பா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, 'நம்ம செவலைக்கு ஒருக்கா போட்டாங்க கண்ணு'ன்னாரு.

ஆத்தாவோட படத்துக்கு நெகட்டிவ் பெட்டியில கெடச்சுச்சு, அடியில ஒரு பக்கம் மட்டும் லேசா மஞ்சள். போன ஞாயித்துக்கிழமை பைபர் பேப்பர்ல புதுசா போட்டோம். எக்ஸ்போஷர் அப்பா எண்ணுனாரு. ரெண்டு ட்ரே, சல்பைட், ஆறு தடவை தண்ணி. ஓரத்துல சொட்டு விட்டு ரெண்டு நிமிஷம் ரெண்டு பேரும் பாத்துட்டு நின்னோம், பேப்பர் வெள்ளையாவே இருந்துச்சு. அப்பா பின்பக்கம் பென்சில்ல தேதியும், கீழ 'ஹைப்போ எடுத்தாச்சு'ன்னும் எழுதி கயித்துல தொங்க விட்டாரு.